இரவு வானப் படத்தில் இனம் தெரியாத ஒளி: கண்டறிவதற்கான முழுமையான வழிகாட்டி

கேமராவை முக்காலியில் நிறுத்தி, இருபது நொடி, முப்பது நொடி என்று ஷட்டரைத் திறந்து வைத்து இரவு வானத்தைப் படம் எடுக்கத் தொடங்கிய எவருக்கும், எடுத்தபோது கண்ணில் படாத ஏதோ ஒன்று கணினித் திரையில் தெரியவரும் நாள் ஒன்று வந்தே தீரும். அது பச்சை நிறப் புள்ளியாக இருக்கலாம், பாதியில் மறைந்துபோகும் கோடாக இருக்கலாம், விண்மீன்களுக்கு நடுவே மங்கலான ஒரு புகைத்திட்டாகவும் இருக்கலாம். அதைப் பார்த்தவுடன் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, அது எதைப் போல இருக்கிறது என்பதுதான். இந்தக் கேள்வி நம்மை எங்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை, ஏனெனில் சில பிக்சல்களே அகலமுள்ள ஓர் ஒளித்திட்டு யார் எதை நினைத்துப் பார்க்கிறார்களோ அதைப் போலவே தோன்றும். எந்த நொடியில், வானத்தின் எந்த இடத்தில் இருந்தது, அடுத்த படத்தில் அதற்கு என்ன ஆயிற்று என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால், உருவத்தைப் பற்றிக் கவலைப்படாமலேயே பெரும்பாலானவற்றை இனங்கண்டுவிடலாம்.

தேடும் வரிசையும் முக்கியமானது. கேமராவுக்குள் பிறந்ததா என்று முதலில் பார்த்து, பிறகு காற்றுமண்டலத்தில், பிறகு புவியைச் சுற்றும் பாதைகளில், கடைசியாக உண்மையான விண்வெளியில் என்று அருகிலிருந்து தொலைவுக்குப் போக வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்து, முதலிலேயே சூப்பர்நோவா என்னும் விண்மீன் வெடிப்பில் தொடங்கியவர்கள் பலர் லென்ஸ் எதிரொளியில் வந்து முடிந்திருக்கிறார்கள்.

முதற்படி: மூலக் கோப்பும் சரியான நேரமும்

படத்தை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்புவதற்கு முன், கேமராவில் பதிவான மூலக் கோப்பைத் தனியே சேமித்துவிடுங்கள். படமாக அனுப்பும்போது அந்தச் செயலி கோப்பைச் சுருக்குவதோடு, எடுத்த நேரம், எக்ஸ்போஷர் (ஷட்டர் திறந்திருந்த நேரம்), லென்ஸின் குவியத்தூரம் ஆகியவை அடங்கிய எக்ஸிஃப் தகவலையும் நீக்கிவிடுகிறது. அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ஆவணமாக அனுப்பலாம். கேமரா எந்தத் திருத்தமும் செய்யாமல் சேமிக்கும் ரா கோப்பு இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் ஜேபெக் கோப்பில் கேமரா செய்யும் கூர்மையாக்கமும் இரைச்சல் நீக்கமும், உண்மையில் இல்லாத விளிம்புகளை உருவாக்கிவிடக்கூடும். சந்தேகத்துக்குரிய படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை, மங்கலாக இருந்தாலும், அழிக்காதீர்கள். அவைதான் சாட்சிகள்.

கேமராவின் கடிகாரம் சரியாக இருக்கும் என்று நம்புவது ஆபத்து. சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே கடக்கும்போது ஒரு நொடியில் ஏறத்தாழ ஒரு பாகை நகர்கிறது. கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால், வானத்தில் நாற்பது, ஐம்பது பாகை தள்ளித் தேடிக்கொண்டிருப்போம். இதற்கு எளிய வழி, நொடி காட்டும் கடிகாரம் ஓடும் கைபேசித் திரையை அதே கேமராவில் ஒரு படம் எடுத்து, படத்தில் தெரியும் நேரத்துக்கும் எக்ஸிஃப் நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்வதாகும். மறுநாள் எடுத்தாலும் பெரும்பாலும் போதும். வானியல் தரவுத்தளங்கள் உலகப் பொது நேரத்தையே பயன்படுத்துவதால், இந்திய நேரத்திலிருந்தும் இலங்கை நேரத்திலிருந்தும் 5 மணி 30 நிமிடத்தைக் கழிக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பின் எடுத்த படத்துக்கு இதனால் தேதியும் ஒரு நாள் பின்னால் போகும் என்பதை நான் உட்படப் பலர் மறந்து, தவறான நாளின் பட்டியலில் மணிக்கணக்கில் தேடியதுண்டு.

கைபேசிப் படங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. கைபேசியின் இரவு முறை ஒரே படத்தை எடுப்பதில்லை. பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு படமாக்கித் தருகிறது. கூகுள் பிக்சலின் விண்படமெடுக்கும் முறை, 16 நொடி கொண்ட 15 படங்கள் வரை எடுத்து, மொத்தம் 4 நிமிடத்துக்கு அடுக்குகிறது. இப்படி அடுக்கும்போது, ஒரே சீராகப் பறந்த செயற்கைக்கோளின் கோடு துண்டு துண்டாக வெட்டுண்டு, இடைவெளிவிட்டு மின்னிய ஏதோவொன்றைப் போலத் தோன்றலாம்.

இரண்டாம் படி: கேமராவுக்குள்ளேயே பிறந்ததா?

என் கணிப்பில் அதிகமான மர்மங்கள் இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும் என்பதால், இங்கே அவசரப்படக் கூடாது.

படத்தில் பிரகாசமான விளக்கோ நிலாவோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அதிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு நேர்கோடு இழுத்து, மறுபக்கத்தில் அதே தூரத்துக்கு நீட்டுங்கள். நீங்கள் தேடும் ஒளி அந்தக் கோட்டின்மேல் விழுந்தால், அது பெரும்பாலும் லென்ஸின் கண்ணாடி அடுக்குகளுக்கிடையே ஒளி எதிரொளித்து உண்டான பேய்ப்பிம்பம். கைபேசிகளில் நிலாவையோ தெருவிளக்கையோ சேர்த்து எடுத்த படங்களில் வரும் பச்சைப் புள்ளிகள் பெரும்பாலும் இந்த வகைதான். தெருவிளக்குகள் வரிசையாக இருந்தால், பச்சைப் புள்ளிகளும் தலைகீழான அதே வரிசையில் அணிவகுத்து நிற்கும். விளக்கு படச்சட்டத்துக்கு வெளியே இருந்தாலும் எதிரொளி உள்ளே விழக்கூடும். பேருந்து அல்லது விமானச் சன்னல் வழியாக எடுத்த படமாக இருந்தால், உள்ளிருக்கும் விளக்குகளின் பிம்பம் என்ற சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, வெளிச்சமே படாவிட்டாலும் ஒளிர்வதாகக் காட்டும் ஹாட் பிக்சல். நீண்ட எக்ஸ்போஷரில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற தனி நிறங்களில் இவை தோன்றும். கேமராவின் ஒளியுணரியான சென்சர் சூடாக இருக்கும்போது மிகுதியாக வரும் என்பதால், சித்திரை மாதத்துச் சமவெளி இரவில் நூற்றுக்கணக்கில் தெரிபவை, மார்கழிக் குளிரில் மலைமேல் எடுத்த படத்தில் காணாமல் போயிருக்கும். படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள்: விண்மீனின் ஒளி லென்ஸ் வழியாக வந்ததால் பல பிக்சல்களில் மென்மையாகப் பரவியிருக்கும், ஹாட் பிக்சலோ கூர்மையான சதுரமாகவோ சிறு சிலுவையாகவோ நிற்கும். முந்தைய, பிந்தைய படங்களிலும் அது அதே பிக்சல் இடத்தில் இருந்தால் ஐயமே வேண்டாம். அதே எக்ஸ்போஷரில் லென்ஸ் மூடியைப் போட்டு ஒரு படம் எடுத்தாலும் அது தெரியும். பல படங்களை விண்மீன்களுக்கு ஏற்ப நகர்த்தி அடுக்குபவர்கள் இதில் இன்னொரு வகையில் ஏமாறுவதுண்டு. விண்மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி படங்கள் நகர்த்தப்படும்போது, சென்சரில் ஒரே இடத்தில் நிற்கும் ஹாட் பிக்சல் வானத்தில் நடந்து போவதைப் போன்ற ஒரு நிறப் புள்ளி வரிசையாகிவிடும். சிறுகோள் ஒன்று நகர்வதைப் போலவே இருக்கும். அத்தகைய வரிசைகள் படம் முழுவதும் ஒரே திசையில், ஒரே நீளத்தில் பல இருக்கின்றனவா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒரே ஒரு படத்தில் மட்டும், எந்த மங்கலும் இல்லாமல், ஊசிமுனை போன்ற வெள்ளைப் புள்ளியோ மிகச் சிறிய கீறலோ தெரிந்தால், அது விண்வெளியிலிருந்து வரும் ஆற்றல்மிக்க துகளான அண்டக்கதிர் ஒன்று சென்சரைத் துளைத்த தடமாக இருக்கலாம். லென்ஸ் வழியாக வராததால்தான் அதற்கு விண்மீனுக்குரிய மென்மை இல்லை.

பாம்பு போல நெளிந்து, சுழித்துச் செல்லும் ஒளிக்கோடு வந்தால், அருகிலுள்ள பிற விண்மீன்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். முக்காலி அசைந்திருந்தால், எல்லா விண்மீன்களிலும் அதே நெளிவு சிறிதாகவும் மங்கலாகவும் பதிந்திருக்கும். பிரகாசமான வெள்ளிக்கோள் மட்டும் அந்த அசைவை முழுமையாக எழுதிக் காட்டியிருக்கும். குவியம் தவறிய ஒளிப்புள்ளி வட்டத் தட்டாகவோ, லென்ஸின் துளையை மூடும் தகடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அறுகோணமாகவோ மாறும். மிகுந்த ஜூம் உள்ள கேமராக்களில் எடுக்கப்பட்டு, ‘துடிக்கும் வைர வடிவப் பொருள்’ என்று பரப்பப்படும் காணொளிகள் பல, அடிவானத்தருகே காற்றில் நடுங்கும் ஒரு விண்மீனின் குவியம் தவறிய பிம்பங்களே.

மூன்றாம் படி: நமக்கும் மேகத்துக்கும் இடையே

விமானத்தை அடையாளம் காண்பது எளிது. நீண்ட எக்ஸ்போஷரில், தொடர்ச்சியான கோட்டின்மேல் மணி கோத்தது போல ஒரே இடைவெளியில் வெண்புள்ளிகளோ செம்புள்ளிகளோ விழுந்திருக்கும். விமானங்களின் மின்னும் விளக்குகள் நிமிடத்துக்கு 40 முதல் 100 முறை மின்ன வேண்டும் என்பது விதி என்பதால், இருபது நொடிப் படத்தில் சுமார் 13 முதல் 33 மணிகள் இருக்கும். இடது இறக்கையில் சிவப்பும் வலது இறக்கையில் பச்சையும் எரிவதால், கோடு சில வேளை இரு நிற இணைகோடுகளாகப் பிரிந்தும் தெரியும். ஒரே ஒரு சிக்கலான நிலை உண்டு. தரையிறங்கும் விளக்கைப் போட்டுக்கொண்டு நம்மை நோக்கி நேராக வரும் விமானம், பல நிமிடங்கள் அசையாத பெருவிளக்காக நின்று, பிறகு திடீரென்று திசை திரும்பி மறையும். சென்னை மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்களின் பாதையில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. ஃபிளைட்ரேடார்24 போன்ற தளங்களில் அந்த நிமிடத்துக்குப் பின்னோக்கிச் சென்று பார்க்கலாம், ஆனால் இராணுவ விமானங்கள் பெரும்பாலும் அதில் தெரியாது.

பூச்சிகளும் வௌவால்களும் கேமராவுக்கு அருகில் பறப்பதால், ஃப்ளாஷ் வெளிச்சத்திலோ பக்கத்து விளக்கொளியிலோ மங்கலான பெரிய உருவங்களாகப் பதிகின்றன. விட்டில்பூச்சியின் இறக்கையடிப்பு, கோட்டின் இருபுறமும் அலை போன்ற விளிம்பை உண்டாக்கும். ஆனைமலை போன்ற காட்டுப் பகுதிகளில், மழைக்கு முந்தைய வாரங்களில் எடுக்கும் படங்களில் மஞ்சள்பச்சை நிறத் துண்டுக் கோடுகள் தெரிந்தால், அவை மின்மினிகள். மரங்களுக்கு முன்னால் கோடு ஓடுகிறதா, பின்னால் மறைகிறதா என்பதே இங்கே சிறந்த சோதனை. திருவிழாவின் தேடுவிளக்கு மேகத்தில் வரையும் நகரும் வட்டங்கள், டிரோன்கள், வானில் விடப்படும் காகித விளக்குகள் ஆகியவற்றுக்கு, அன்று ஊரில் என்ன விசேஷம் என்று விசாரிப்பதைவிட நல்ல கருவி இல்லை.

அந்தி மயங்கியபின், மேற்கிலிருந்து ஒளி பெற்று, மணிக்கணக்கில் மெல்ல நகரும் வெண்மையான உருண்டை தெரிந்தால், ஐதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் பலூன் நிலையத்திலிருந்து அனுப்பப்படும் ஆய்வு பலூன்களை நினைவில் கொள்ளலாம். அவை 30 கி.மீ.க்கும் மேல் உயர்பவை என்பதால் தரையில் இருட்டிய பிறகும் வெயிலில் மின்னும். இன்னொன்று, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலின் மேல் தொலைவில் இடி மின்னும்போது மட்டுமே வாய்ப்புள்ளது. மேகக் கூட்டத்துக்கு வெகு மேலே, 50 முதல் 90 கி.மீ. உயரத்தில், ஒரு நொடியில் சிறு பகுதியே நீடிக்கும் சிவப்பு விழுதுகளான ஸ்பிரைட் மின்னல்கள் அவை. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1989 ஜூலையில் தற்செயலாக முதன்முதலில் பதிவு செய்யும்வரை, அவற்றைக் கண்டதாகச் சொன்ன விமானிகளைப் பலரும் நம்பவில்லை.

நான்காம் படி: கோட்டை அளத்தல்

மேலே சொன்னவை எதுவும் பொருந்தாவிட்டால், கணக்குப் போடும் நேரம் வந்துவிட்டது. படத்தின் ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு அகலம் என்பதைக் கண்டுபிடிக்க, பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து 206 ஆல் பெருக்கி, லென்ஸின் குவியத்தூரத்தை மில்லிமீட்டரில் கொண்டு வகுக்க வேண்டும். விடை விகலையில் கிடைக்கும். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. 24 மெகாபிக்சல் கொண்ட, ஏபிஎஸ்-சி என்னும் நடுத்தர அளவுச் சென்சரில் ஒரு பிக்சல் சுமார் 3.9 மைக்ரான் என்பதால், 50 மி.மீ. லென்ஸுடன் ஒரு பிக்சலுக்கு 16 விகலை வரும். கணக்குப் பிடிக்காதவர்கள் படத்திலேயே அளவுகோலைத் தேடிக்கொள்ளலாம்: நிலாவின் அகலம் அரைப் பாகை, ஓரியன் இடுப்புப் பட்டையின் மூன்று விண்மீன்கள் முனைக்கு முனை ஏறத்தாழ 2.7 பாகை.

இனி, 10 நொடி எக்ஸ்போஷரில் 1,000 பிக்சல் நீளமுள்ள கோடு ஒன்று, இரு முனையும் படத்துக்குள்ளேயே இருக்க, பதிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 16,000 விகலை என்பது சுமார் 4.4 பாகை, நொடிக்கு 0.44 பாகை. தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்லும் செயற்கைக்கோளுக்கு இந்த வேகம் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் 10 கி.மீ. உயரத்தில் பறக்கும் பயணிகள் விமானமும், தலைக்கு மேலே இல்லாமல் சற்றுத் தாழ்ந்து சென்றால், இதே வேகத்தைக் காட்டும். ஆகவே வேகத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாமல், மின்னும் புள்ளிகள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எரிவெள்ளி (எரிநட்சத்திரம்) இதைவிடப் பல மடங்கு வேகமானது. சிறுகோளோ ஒரு மணி நேரத்துக்கு அரைக் கலை அளவே நகர்வதால், ஒற்றைப் படத்தில் கோடாகத் தெரியவே தெரியாது.

படம் வானத்தின் எந்தப் பகுதி என்று தெரியாவிட்டால், அஸ்ட்ரோமெட்ரி.நெட் தளத்தில் ஏற்றினால் போதும். அது விண்மீன்களின் அமைப்பைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டு, வானத்தில் படத்தின் இடத்தைக் குறிக்கும் ஆயங்களையும் பிக்சல் அளவையும் தானே கணக்கிட்டுத் தந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் இத்தளத்தைப் பயன்படுத்தாமல் கண் மதிப்பில் விவாதிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஐந்தாம் படி: சுற்றுப்பாதையில் இருப்பவை

செயற்கைக்கோளின் கோடு ஒரே தடிப்பில், மின்னாமல், நேராக ஓடும். தானாக ஒளிராமல் சூரிய ஒளியை எதிரொளிப்பதால், புவியின் நிழலுக்குள் நுழையும் இடத்தில் சில நொடிகளில் மங்கி மறையும். நடுவானில் ‘காணாமல் போன’ கோடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம். இந்த நிழல், நம் பகுதிக்கு மிகவும் உதவும் ஒரு விதியையும் தருகிறது. தமிழ்நாடும் இலங்கையும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், நள்ளிரவில் சூரியன் அடிவானத்துக்கு வெகு ஆழத்தில் இருக்கிறது; 500 கி.மீ. அளவு உயரத்தில் பறப்பவை எல்லாம் அப்போது நிழலுக்குள் இருக்கும். அவற்றைப் பெரும்பாலும் அந்திக்குப் பின்னும் விடியலுக்கு முன்னும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள்தான் காண முடியும். கோடைக்காலத்து ஐரோப்பாவில் இரவு முழுவதும் செயற்கைக்கோள்கள் தெரிகின்றன என்று படித்துவிட்டு, நடுநிசியில் மதுரையில் எடுத்த பிரகாசமான கோட்டுக்கு, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் இணையச் செயற்கைக்கோளான ஸ்டார்லிங்க் என்று பெயரிடக் கூடாது.

ஹெவன்ஸ்-அபவ் தளத்தில் உங்கள் ஊரையும் தேதியையும் கொடுத்தால், பிரகாசமான செயற்கைக்கோள்கள் கடந்த நேரமும் பாதையும் கிடைக்கும். ஸ்டெல்லேரியம் என்னும் வான வரைபடச் செயலியிலும் இந்த வசதி உண்டு என்றாலும், அதன் சுற்றுப்பாதைத் தரவு படம் எடுத்த நாளுக்கு நெருக்கமானதா என்று பார்க்க வேண்டும். தாழ்ந்த பாதைகள் காற்றின் உராய்வால் மாறிக்கொண்டே இருப்பதால், சில வாரப் பழைய தரவு பல பாகை பிசகும்.

வழக்கத்துக்கு மாறானவை சில உண்டு. ஏவப்பட்ட முதல் சில நாட்களில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ரயில் பெட்டிகள் போல ஒரே வரிசையில் செல்கின்றன. 60 செயற்கைக்கோள்களுடன் 2019 மே மாதம் ஏவப்பட்ட முதல் தொகுதியைப் பார்த்து உலகெங்கும் மக்கள் திகைத்துப்போனார்கள். பயன் முடிந்த ராக்கெட் பாகங்கள் உருண்டுகொண்டே சுற்றுவதால், சீரான இடைவெளியில் பிரகாசித்து மங்கும். விமானத்தின் மணிகளைவிட இவற்றின் ஏற்ற இறக்கம் மென்மையாக இருக்கும். இருபதாண்டுப் பழைய படங்களைப் புரட்டும்போது நடுவில் தடித்து இரு முனையும் கூர்ந்த, கண்ணைப் பறிக்கும் கோடு கிடைத்தால், அது முதல் தலைமுறை இரிடியம் தொலைபேசிச் செயற்கைக்கோள்களின் கண்ணாடி போன்ற ஆண்டெனா வீசிய ஒளியாக இருக்கலாம். அந்தச் செயற்கைக்கோள்களுக்குப் பதிலாக 2017 முதல் 2019 வரை புதியவை ஏவப்பட்டுவிட்டதால், இன்றைய படத்துக்கு இந்த விளக்கம் செல்லாது.

முக்காலியில் நிலையாக வைத்து எடுத்த நீண்ட படத்தில் விண்மீன்கள் எல்லாம் கோடாக இழுபட, ஒரே ஒரு மங்கலான புள்ளி மட்டும் அசையாமல் நின்றால், ஹாட் பிக்சல் அல்ல என்று உறுதியானபின், புவிநிலைச் செயற்கைக்கோளைத் தேடுங்கள். 35,786 கி.மீ. உயரத்தில் புவியின் சுழற்சியோடு இணைந்து சுற்றும் இவை, சென்னையிலிருந்து பார்க்கையில் வான நடுக்கோட்டுக்கு (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் அமையும் கற்பனைக் கோட்டுக்கு) 2 பாகைக்குச் சற்று அதிகமாகத் தெற்கே ஒரே வரிசையில் நிற்கும். இந்தியச் செயற்கைக்கோள்கள் பல நிற்கும் 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகை நமக்கு ஏறத்தாழ நேர் மேலே என்பதால், தொலைநோக்கியோடு படமெடுப்பவர்களின் வலையில் இவை அடிக்கடி சிக்கும். விண்மீனைத் தொடரும் மோட்டார் பொருத்தி எடுத்த படத்தில், நிலைமை தலைகீழாகி, இவையே குறுங்கோடுகளாக இருக்கும்.

ராக்கெட் ஏவுதல்களுக்கு ஒரு தனிப் பட்டியலைக் கையில் வைத்திருப்பது நல்லது. 2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட் கிளம்பியது போன்ற இரவு ஏவுதல்களை, சென்னையிலிருந்து வடக்கு நோக்கி எடுக்கும் படங்களில் வில் போன்ற ஆரஞ்சு நிறத் தடமாகக் காணலாம். 2022 டிசம்பர் 15 மாலை மேற்கு வங்கத்தில் பலர் கண்டு வியந்த விசித்திர ஒளி, ஒடிசா கரையிலிருந்து சோதிக்கப்பட்ட அக்னி-5 ஏவுகணை. எரிபொருள் எச்சத்தைச் சுழன்றபடி வெளியேற்றும் ராக்கெட் பாகம் வானத்தில் நீலநிறச் சுருளை வரையும். 2023 ஜனவரி 18 அன்று ஹவாயில் சுபாரு தொலைநோக்கி வளாகத்தின் கேமராவில் பதிவான சுருள், அன்று ஏவப்பட்ட ஃபால்கன் 9 ராக்கெட்டினுடையது. மீண்டும் காற்றுமண்டலத்தில் நுழைந்து எரியும் ராக்கெட், எரிவெள்ளியைவிட மெதுவாக, அடிவானத்துக்கு ஏறத்தாழ இணையாக, ஒரு நிமிடத்துக்கும் மேலாக, பல துண்டுகளாகச் சிதறியபடி செல்லும். 2022 ஏப்ரல் 2 மாலை மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் மக்கள் படம் பிடித்தது, சீன ராக்கெட் ஒன்றின் பாகம் அப்படி எரிந்த காட்சி. அதன் உலோக வளையம் சந்திரபூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் விழுந்து கிடந்தது.

இதில் தவறுவது அமெச்சூர்கள் மட்டும் என்று எண்ண வேண்டாம். மிகத் தொலைவிலுள்ள ஜிஎன்-இசட்11 என்னும் பேரடையில் (விண்மீன்களின் பெருங்கூட்டத்தில்) காமாக்கதிர் வெடிப்பின் ஒளி தெரிந்ததாக 2020 இல் ஆய்விதழில் வெளிவந்த பதிவு, அந்நேரம் குறுக்கே சென்ற ரஷ்ய ராக்கெட் பாகம் ஒன்றின் மினுக்கம்தான் என்று மறு ஆண்டே பிறர் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

ஆறாம் படி: எரிவெள்ளியா?

எரிவெள்ளியின் கோடு ஒரே ஒரு படத்தில் மட்டும் இருக்க வேண்டும். மெலிதாகத் தொடங்கி, தடித்து, மீண்டும் மெலிய வேண்டும். தொடக்கத்தில் பச்சையாகவும் முடிவில் வெண்மையாகவோ செம்மையாகவோ நிறம் மாறினால் ஐயம் பெருமளவு நீங்கும். டிசம்பர் 13, 14 தேதிகளில் ஜெமினிட், ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் பெர்சீட் எரிவெள்ளிப் பொழிவு நாட்களாக இருந்தால், கோட்டைப் பின்னோக்கி நீட்டி, அது அந்தப் பொழிவு புறப்படுவதாகத் தோன்றும் மையப்புள்ளிக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்த்து எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்றும் சொல்லிவிடலாம்.

ஏழாம் படி: நகராத ஒளி

விண்மீன்களோடு சேர்ந்தே நகர்ந்து, அடுத்தடுத்த எல்லாப் படங்களிலும் இருக்கும் ஒளி, உண்மையான விண்பொருள். முதலில் கோள்களை நீக்குங்கள். லடாக் எல்லையில் இந்திய இராணுவத்தினர் 2012, 2013 இல் மாதக்கணக்கில் கண்காணித்துப் பதிவுசெய்த மர்ம ஒளிகளை, இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் ஆராய்ந்து, வியாழனும் வெள்ளியும்தான் என்றார்கள். 2018 மார்ச்சில் கேப்டவுனைச் சேர்ந்த வானியலாளர் ஒருவர், தனுசு ராசியில் உள்ள வாயு, தூசி மேகங்களான நெபுலாக்களுக்கு அருகே மிகப் பிரகாசமான புதிய பொருள் தோன்றியிருப்பதாக உலகெங்கும் அறிவிப்பு அனுப்பி, ஒரு மணி நேரத்துக்குள் அது செவ்வாய் என்று திருத்தமும் அனுப்பினார். அவருடைய நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஸ்டெல்லேரியத்தில் தேதியை மாற்றிப் பார்க்க அரை நிமிடம்தான் ஆகும் என்பதையும் மறப்பதில்லை.

மங்கலான திட்டுகளில் அடிக்கடி கேட்கப்படுபவை, ஆந்திரமீடா பேரடை, ஓரியன் நெபுலா, கார்த்திகை விண்மீன் கூட்டம் ஆகியவை. கன்னியாகுமரி, யாழ்ப்பாணம் போன்ற தெற்கு நோக்கித் திறந்த கடற்கரைகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு: குளிர்கால இரவுகளில் தெற்கு அடிவானத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பாகை மேலே, மேகத் துணுக்கு போலக் கலையாமல் நிற்பது பெரிய மெகல்லன் மேகம் என்னும் அண்டைப் பேரடை. புள்ளியாகத் தெரியும் ‘புதிய விண்மீன்’ சேட்டஸ் விண்மீன் மண்டலத்தில் இருந்தால், மீரா என்னும் ஒளி மாறும் விண்மீனை மறவாதீர்கள். ஏறத்தாழ 332 நாட்களுக்கு ஒருமுறை, வெறும் கண்ணுக்குத் தெரியாத நிலையிலிருந்து நன்றாகத் தெரியும் நிலைக்கு ஏறி இறங்கும் அதை, முந்தைய ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பதறுபவர்கள் உண்டு. இத்தகைய மாறொளி விண்மீன்களின் பட்டியல் அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கத்தின் தளத்திலும், அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்த சிறுகோள்களின் பட்டியல் மைனர் பிளானட் சென்டர் தளத்திலும் இலவசமாகவே கிடைக்கும்.

எட்டாம் படி: எதிலும் அடங்காதபோது

அரிதாக, எல்லாச் சல்லடையிலும் தங்கிவிடும் ஒளி ஒன்று கிடைக்கத்தான் செய்கிறது. 2004 ஜனவரியில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜே மெக்நீல் என்ற அமெச்சூர், மூன்று அங்குலத் தொலைநோக்கி கொண்டு தம் வீட்டுப் புறக்கடையிலிருந்து எடுத்த படத்தில், எம்78 நெபுலாவுக்கு அருகே விசிறி போன்ற சிறு திட்டைக் கண்டார். பழைய வான வரைபடங்களிலும் படங்களிலும் அது இல்லாததைக் கண்டபின்தான் அறிவித்தார். இளம் விண்மீன் ஒன்று திடீரென்று பிரகாசித்து, சுற்றியிருந்த தூசியை ஒளிரச் செய்திருந்தது. அது இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 2016 செப்டம்பர் 20 அன்று அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் விக்டர் பூசோ, புதிய கேமராவைச் சோதிக்க என்ஜிசி 613 பேரடையைத் தொடர்ச்சியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, முதல் படங்களில் இல்லாத புள்ளி பின்னவற்றில் தோன்றி வளர்ந்தது. சூப்பர்நோவா ஒன்றின் முதல் ஒளி அது. நகர வெளிச்சத்தால் படம் வெளிறாதிருக்க அவர் குறுகிய எக்ஸ்போஷர்களாக எடுத்ததால்தான், அந்தப் புள்ளி இல்லாத படமும் இருக்கும் படமும் அடுத்தடுத்துக் கிடைத்தன.

நம் பக்கத்திலும் இந்த முறைக்குப் பழைய முன்னோடிகள் உண்டு. ஹார்வர்டில் மாணவராக இருந்த இந்திய வானியலாளர் வைணு பாப்பு, 1949 இல் தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டில் ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்தார். ஜவ்வாது மலையின் காவலூரில் பிற்காலத்தில் அவர் பெயர் பெற்ற வானோக்கு நிலையத்தில், வானியலாளர் ராஜமோகன் 1988 பிப்ரவரி 17 அன்று கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயரிடப்பட்டது. விண்மீன்கள் நிலையாக நிற்க, எது இடம் மாறியிருக்கிறது என்று பார்க்கும் அதே வேலையைத்தான் இன்று கணினித் திரையில் இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டிச் செய்கிறோம்.

ஆகவே, உங்கள் படத்தில் எஞ்சியது உண்மையானது என்று தோன்றினால், அதே இடத்தை அன்றிரவே கேமராவைச் சற்றுத் திருப்பி, பொருள் சட்டத்தின் வேறு மூலையில் விழும்படி மீண்டும் எடுங்கள்; எதிரொளியாக இருந்தால் இடம் மாறும், விண்பொருளாக இருந்தால் விண்மீன்களுக்கு நடுவே அங்கேயே இருக்கும். வேறு லென்ஸ், வேறு கேமரா கிடைத்தால் அதிலும் எடுங்கள். ஆந்திரமீடாவுக்கு அருகே ஆக்சிஜனின் நீலப்பச்சை ஒளியில் மட்டும் தெரியும் பெரிய வில் ஒன்றை 2022 இல் கண்ட மூவர், வேறு கருவிகளில் எடுத்த படங்களிலும் அது இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பின்பே வெளியிட்டார்கள். பிறகு, வேறு ஊரிலுள்ள ஒருவரை, நீங்கள் என்ன கண்டீர்கள் என்று சொல்லாமல், ஆயங்களை மட்டும் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

அதன்பின், சூப்பர்நோவா என்று கருதினால், புதிதாகத் தோன்றும் விண்பொருள்களைப் பதியும் டிரான்சியன்ட் நேம் சர்வர் தளத்திலும், நகரும் பொருள் என்றால் குறைந்தது இரண்டு இரவுகளின் அளவீடுகளோடு மைனர் பிளானட் சென்டருக்கும், பெரிய எரிவெள்ளி என்றால் சர்வதேச எரிவெள்ளி அமைப்பின் படிவத்திலும் பதியலாம். உலகப் பொது நேரம், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும், அஸ்ட்ரோமெட்ரி.நெட் தந்த வான ஆயங்கள், கேமராவும் லென்ஸும், மதிப்பிட்ட பிரகாசம், திருத்தம் எதுவும் செய்யாத மூலக் கோப்பு, பொருள் இல்லாத பழைய படம் ஒன்று ஆகியவை செய்தியோடு செல்ல வேண்டும். அம்புக்குறியும் சிவப்பு வட்டமும் போட்ட நகலைத் தனியாக இணைத்தால் போதும்.